வீட்டின் வாலில் ஒரு கார்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஐ-10 நெடுஞ்சாலையோரம் குவார்ட்சைட் என்றொரு பாலைவனச் சிற்றூர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஜனவரி பிறந்துவிட்டால் ஊர் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் மோட்டார் ஹோம்கள் சாரை சாரையாக வந்து கள்ளிச் செடிகளுக்கு நடுவே டேரா போடும். படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று சகலமும் அடங்கிய, பஸ் நீள வண்டிகள். அவற்றில் பலவற்றின் பின்னால், இரும்புக் கழியில் கோத்தபடி, ஓட்டுநர் இல்லாத ஒரு கார் உருண்டு வரும்.

காரணம் எளிது. ஓரிடத்தில் நிறுத்தி, முட்டுக் கொடுத்துச் சமன் செய்து, தண்ணீர்க் குழாய், மின்சாரக் கேபிள், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் இணைத்து முடித்த பிறகு, பால் பாக்கெட் வாங்குவதற்காக வீட்டையே கிளப்பிக்கொண்டு போக முடியாது. பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார் ஹோம் லிட்டருக்கு 3 முதல் 4 கிலோமீட்டர்தான் கொடுக்கும். பத்து மீட்டர் வண்டியை மளிகைக் கடை வாசலில் எங்கே நிறுத்துவது என்பது அடுத்த தலைவலி. ஆகவே ஊர் சுற்றத் தனியாக ஒரு குட்டிக் கார். அதற்கு அங்கே 'டிங்கி' என்று பெயர்.

எந்தக் காரை டிங்கியாக வைத்துக்கொள்வது? இந்த வாழ்க்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது எடையைத்தான். தேவையான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. மீதிப் பாதி காரின் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால் இலேசான காரும் முதல் பயணத்திலேயே பழுதாகி நிற்கும்.

முதலில் எடையைப் பார்த்துவிடலாம். மோட்டார் ஹோமின் பின்புறம் கொக்கி இருக்கும் இடத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ இழுக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். பலரும் அதை நம்பிக் கார் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அது கொக்கியின் பலமே தவிர, வண்டியின் பலம் அல்ல. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் 3500 அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட மோட்டார் ஹோம்களை எடுத்துக்கொள்வோம். வண்டி மட்டும், சாமான்களோடும் ஆட்களோடும், 11,030 பவுண்டு வரை இருக்கலாம். வண்டியும் அது இழுக்கும் காரும் சேர்ந்து 15,250 பவுண்டைத் தாண்டக் கூடாது. இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சுகள், பிரேக் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துத் தயாரிப்பாளர் விதிக்கும் மொத்த வரம்பு அது. வண்டி முழுச் சுமையோடு இருந்தால், காருக்கென்று மிஞ்சுவது 4,220 பவுண்டு. ஏறத்தாழ 1,914 கிலோ. கொக்கித் தகடு சொல்வதைவிட 350 கிலோ குறைவு.

'முழுச் சுமை' என்பது எங்கோ எப்போதோ நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே நூறு கிலோவுக்கு மேல் ஏறிவிடும். அரிசி மூட்டை, கருவிப் பெட்டி, மடக்கு நாற்காலிகள், நாய், நாய்க்கான தீனி என்று ஒவ்வொன்றாகச் சேரும். விற்பனைக் கையேட்டில் போட்டிருக்கும் எடையில் இவை எதுவும் கிடையாது. லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்குகளில் உள்ள எடை மேடையில் வண்டியை ஏற்றிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதைச் செய்துவிட்டுக் கார் வாங்கப் போகிறவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

காரை இழுக்க மூன்று வழிகள் உண்டு. முழுக் காரையும் டிரெய்லரில் ஏற்றலாம். முன்சக்கரங்களை மட்டும் 'டாலி' எனும் இருசக்கரத் தள்ளுவண்டியில் தூக்கி வைக்கலாம். அல்லது நான்கு சக்கரமும் தரையில் உருள, கழியால் இணைத்து இழுக்கலாம். எந்தக் காருக்கும் பொருந்துவது டிரெய்லர்தான். ஆனால் கார் ஏற்றும் சாதாரண இரும்பு டிரெய்லரே 700 முதல் 900 கிலோ இருக்கும். ஆயிரம் கிலோ காரைத் தேடிப் பிடித்த பலன் அங்கேயே போய்விடும். டாலி கால் டன் அளவுக்கு இருக்கும். முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதை எங்கே தள்ளி வைப்பது என்ற தொல்லை வேறு. அதனால்தான் மோட்டார் ஹோம்காரர்களுக்கு மூன்றாவது வழியின் மேல் அவ்வளவு மோகம். ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், கழற்றலாம். கழி மோட்டார் ஹோமின் பின்னாலேயே மடங்கிக்கொள்ளும்.

அந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. காரின் இன்ஜின் ஓடாது. சக்கரங்கள் மட்டும் நாள் முழுக்கச் சுற்றும். சக்கரம் சுற்றினால் அதோடு இணைந்த தண்டுகளும் பற்சக்கரங்களும் சுற்றும். அவற்றுக்கு எண்ணெய் யார் ஊற்றுவது?

வழக்கமான தானியங்கி கியர்பாக்ஸில் அந்த வேலையைச் செய்வது ஒரு பம்ப். அது இன்ஜினோடு இணைக்கப்பட்டது. இன்ஜின் சுற்றினால்தான் பம்ப் சுற்றும். பம்ப் சுற்றினால்தான் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே பாயும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, காரை நூறு கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு போனால், வெளியீட்டுத் தண்டு வறண்ட பேரிங்குகளில் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரல் என்பது இன்ஜினையும் சக்கரத்தையும் பிரிக்கிறதே ஒழிய, சக்கரத்தையும் கியர்பாக்ஸையும் பிரிப்பதில்லை. சூடேறி, உலோகம் உலோகத்தை உரசி, சில மணி நேரத்தில் கியர்பாக்ஸ் பழுதாகிவிடும். முன்னால் மோட்டார் ஹோமை ஓட்டுகிறவருக்குச் சத்தமும் கேட்காது, வாடையும் வராது. பழைய அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் சக்கரங்களின் பக்கமிருந்து இயங்கும் இரண்டாவது பம்ப் ஒன்று இருந்தது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய அது உதவியது. செலவைக் குறைக்க 1960களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள்.

கைக்கியர் கார்களில் பம்ப் இல்லை. அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயைப் பற்சக்கரங்களே வாரி இறைத்துக்கொள்ளும். முன்சக்கரம் இயங்கும் சிறு கார்களில், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பெரிய பற்சக்கரம் எண்ணெயில் மூழ்கி எழுவதால், இன்ஜின் அணைந்திருந்தாலும் எண்ணெய் தெறித்துக்கொண்டே இருக்கும். இதை வைத்து, கைக்கியர் என்றாலே பயமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பின்சக்கரம் இயங்கும் சில கார்களில் எண்ணெயை இறைக்கும் அடித்தண்டு இன்ஜின் பக்கத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். நியூட்ரலில் இழுக்கும்போது அது அசையாமல் நிற்க, மேல் தண்டு மட்டும் எண்ணெயின்றிச் சுற்றும். ஆக, கைக்கியரா தானியங்கியா என்பதைவிட, எந்தத் தண்டு எதனோடு சுற்றுகிறது என்பதே முக்கியம்.

இரண்டு பழைய நட்சத்திரங்களைப் பார்த்தால் இது புரியும். 1990களில் டிங்கி உலகை ஆண்டது சாட்டர்ன் எஸ் வரிசைக் கார். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. தானியங்கி கியர் இருந்தாலும் இழுக்கலாம். அடுத்து வந்தது ஹோண்டா சிஆர்-வி. 2014 வரையிலான தானியங்கி சிஆர்-வியை நான்கு சக்கரமும் உருள இழுக்க ஹோண்டாவே அனுமதித்தது. இரண்டு தானியங்கிகளுக்கும் ஒரு பொதுத்தன்மை: பிற நிறுவனங்கள் பயன்படுத்தும் கோள் பற்சக்கர அமைப்பு இவற்றில் இல்லை. கைக்கியரில் இருப்பதுபோலவே இணைத் தண்டுகளில் பற்சக்கரங்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஹோண்டா அதோடு விடவில்லை. ஒரு சடங்கும் விதித்தது. இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி, 'டி'யில் சில நொடிகள் நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு, பிறகே அணைக்க வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது.

2015 மாடலில் ஹோண்டா அந்தக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டுச் சிவிடி பொருத்தியது. பற்சக்கரங்களுக்குப் பதில் இரண்டு கூம்புக் கப்பிகளும் அவற்றுக்கிடையே ஓர் எஃகுப் பட்டையும். பட்டையை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெய் அழுத்தம்தான். இன்ஜின் நின்றால் அழுத்தமும் இல்லை, எண்ணெய் ஓட்டமும் இல்லை. அனுமதி அத்தோடு முடிந்தது. இப்போதும் 2014 சிஆர்-வியைத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

கியர்பாக்ஸைச் சுற்றவே விடாமல் செய்வது இன்னொரு தந்திரம். நான்கு சக்கரமும் இயங்கும் ஜீப் வகை வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' என்றொரு பெட்டி இருக்கிறது. அதற்கென்று தனியே ஒரு நியூட்ரல் உண்டு. அதைப் போட்டால் சக்கரங்களின் சுழற்சி அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். ஜீப் ராங்ளர் டிங்கிகளின் ராஜாவாக இருப்பது இதனால்தான். இலேசு என்பதால் அல்ல. இரண்டு கதவு மாடலே 1,800 கிலோவைத் தொடும், நான்கு கதவு ரூபிகான் 2,000 கிலோவைத் தாண்டும். மேலே பார்த்த ஸ்பிரிண்டர் கணக்கில் அது அடங்காது.

இலேசும் வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸும் வேண்டும் என்றவர்களுக்கு 1980களில் வாய்த்தது சுசுகி சாமுராய். 930 கிலோ அளவுக்குத்தான் எடை. நம் ஊரில் காவல்துறையும் வனத்துறையும் ராணுவமும் ஓட்டிய மாருதி ஜிப்ஸியின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி. ஜிப்ஸி ஓட்டியவர்களுக்கு அந்த இரண்டாவது, குட்டைக் கியர் கம்பி நினைவிருக்கும். 2எச், 4எச், 4எல் ஆகியவற்றுக்கு நடுவே இருந்த 'என்'னை நம் ஊரில் யாரும் சட்டை செய்ததில்லை. அமெரிக்காவில் அந்த ஒரு எழுத்துக்காகவே அந்த வண்டியை வாங்கினார்கள். சாமுராய் விற்பனை அங்கே 1995-இல் நின்றது.

இந்தக் கம்பியை மறந்தால் என்ன ஆகும்? கைக்கியர் ராங்ளரை இழுக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸை ஏதாவதொரு கியரில் விட்டுவிடச் சொல்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் தவறுதலாக 4எல்லிலும், கியர்பாக்ஸ் முதல் கியரிலும் இருந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ரூபிகானில் அப்போது சக்கரம் ஒரு முறை சுற்றினால் இன்ஜின் 84 முறை சுற்ற வேண்டும். 33 அங்குல டயர், மணிக்கு 90 கிலோமீட்டர்: சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 570 சுற்று. 84-ஆல் பெருக்கினால் 48,000 சுற்றுக்குப் பக்கம். அந்த இன்ஜினின் எல்லையோ ஏழாயிரத்துக்குக் கீழ். காகிதத்தில் வரும் அந்த 48,000-ஐ எட்டுவதற்கு வெகு முன்பே கிளட்ச் சிதறும், அல்லது பிஸ்டன் இன்ஜின் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். கிளம்பும்போது ஒருவர் காருக்குப் பக்கத்தில் நடந்துவந்து, சக்கரங்கள் தடையின்றி உருள்கின்றனவா என்று சில அடி தூரம் பார்ப்பது மோட்டார் ஹோம்காரர்களின் பழக்கம். வெட்டிச் சம்பிரதாயம் அல்ல அது.

ஓட்டுநர் இல்லாத கார் வளைவுகளில் எப்படிச் சரியாகத் திரும்புகிறது என்ற சந்தேகம் பார்க்கிற எவருக்கும் வரும். முன்சக்கரத்தின் ஸ்டீயரிங் அச்சு சற்றுப் பின்புறம் சாய்ந்து நிற்கிறது. அந்த அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். முன்னிழுக்கும்போது டயர் அந்தப் புள்ளியின் பின்னால் ஓடிவருவதால், இழுக்கும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. ஸ்டீயரிங் பூட்டு திறந்திருந்தால் போதும். பின்னால் தள்ளினால் எல்லாம் தலைகீழ். முன்னால் ஓட வேண்டிய டயர் பின்னால் வரத் துடித்து, சட்டென்று ஒரு பக்கமாக முழுக்க ஒடிந்துகொள்ளும், கழி வளையும். அதனால் நான்கு சக்கர இழுவையில் ரிவர்ஸ் கிடையாது. பெட்ரோல் பங்கில் தவறான சந்துக்குள் நுழைந்துவிட்டால், இறங்கிக் காரைக் கழற்றிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

ஸ்டீயரிங் பூட்டைத் திறந்து வைக்கச் சாவியைப் பாதி திருப்பி விடுவதால் காரின் மின்னணுப் பெட்டிகள் விழித்திருந்து, சாயங்காலத்துக்குள் பேட்டரியைக் காலி செய்துவிடுவதும் உண்டு. ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டார் ஹோமிலிருந்து சார்ஜ் கம்பி இழுப்பது என்று அதற்கு வைத்தியம் இருக்கிறது.

இலேசான கார் என்பதற்கு உண்மையான மதிப்பு மலை இறக்கத்தில் தெரியும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்தை ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. மேற்குப் பக்கம் சில்வர்தோர்ன் ஊரை அடைவதற்குள், 13 கிலோமீட்டரில், சாலை 640 மீட்டர் இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் கூழாங்கல் சரிவுகள் அமைத்திருக்கிறார்கள். அங்கே கீழிறங்கும் ஒவ்வொரு டன்னும் 63 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. காற்றுத்தடையும் இன்ஜினின் இழுபிடியும் ஒரு பங்கை ஏற்கும். மீதி பிரேக்கின் தலையில். 5,000 கிலோ மோட்டார் ஹோமுக்குப் பின்னால் 1,000 கிலோ கார் வந்தால் இந்தச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும். 2,000 கிலோ ஜீப் வந்தால் ஐந்தில் இரண்டு பங்கு. அவசரமாக நிறுத்தும்போதும் இதே விகிதம்தான்: மோட்டார் ஹோமின் பிரேக் மட்டும் வேலை செய்தால், தனியாக 70 மீட்டரில் நிற்கும் வண்டி ஜீப்போடு நிற்க 98 மீட்டர் ஆகும்.

ஆகவே காரும் தன் பங்குக்குப் பிரேக் போட வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் தரையில் ஒரு பெட்டியை வைத்து, அதன் கரத்தைப் பிரேக் மிதியில் கவ்வவிடுவார்கள். மோட்டார் ஹோம் வேகம் குறைவதை உணர்ந்ததும் அந்தக் கரம் மிதியை அமுக்கும். இன்ஜின் அணைந்திருப்பதால் மிதிக்குத் துணை செய்யும் வெற்றிட விசை கிடையாது. மிதி கல் மாதிரி இருக்கும், கரம் பலமாக அமுக்க வேண்டும். கழி முறிந்து கார் தனியே பிய்த்துக்கொண்டால், ஒரு மெல்லிய கம்பி உருவப்பட்டுப் பிரேக் தானாக விழும் ஏற்பாடும் இதில் அடக்கம். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், கார் 2,000 கிலோவுக்குக் கீழும் மோட்டார் ஹோமின் அனுமதி எடையில் 40 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் தனிப் பிரேக் கட்டாயமில்லை. சில்வர்தோர்ன் இறக்கத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது என்பதால், கட்டாயமோ இல்லையோ, பெட்டியை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். கழி, காரின் முன்புறத்தைப் பிரித்துச் சட்டத்தில் முடுக்கும் தாங்கி, விளக்குக் கம்பிகள், இந்தப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும்.

மின்கார்கள் இந்த ஆட்டத்தில் அநேகமாக இல்லை. சக்கரம் சுற்றினால் நிலைக்காந்த மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் பாய்ச்சத் தொடங்கிவிடும். டெஸ்லா தன் கார்களை நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல்தான் ஏற்றிப் போகச் சொல்கிறது. டொயோட்டா பிரியஸுக்கும் அனுமதி இல்லை. ஆனால் ஃபோர்டின் சில ஹைப்ரிட்களுக்கு உண்டு. 2022 மாடலாக வந்த ஃபோர்ட் மேவரிக் என்ற சிறு பிக்கப்பில் இன்னொரு வேடிக்கை. ஹைப்ரிட் மாடலை இழுக்கலாம். பார்ப்பதற்கு அச்சு அசலாக அதேபோல் இருக்கும் டர்போ பெட்ரோல் மாடலை இழுக்கக் கூடாது. கார் வாங்குவதற்கு முன் அந்த ஆண்டின், அந்த மாடலின், அந்தக் கியர்பாக்ஸின் உரிமையாளர் கையேட்டைத் திறந்து பார்ப்பதற்கு மாற்றே இல்லை. விற்பவரின் வாய்வார்த்தை போதாது.

இன்றைக்குத் தேடுகிறவரின் சங்கடம், இலேசான கார்கள் கடையிலேயே இல்லை என்பது. அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில் கைக்கியர் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. ஸ்மார்ட் ஃபார்ட்டூவும் பெட்ரோல் ஃபியட் 500-உம் 2019-இல் விடைபெற்றன. ஹோண்டா ஃபிட் 2020-இல். கைக்கியரோடு 1,030 கிலோவில் கிடைத்த ஷெவர்லே ஸ்பார்க் 2022 வரை தாக்குப்பிடித்தது. அதன் முந்தைய தலைமுறைதான் இந்தியாவில் பீட் என்ற பெயரில் ஓடியது. ஓட்டம் குறைவான ஸ்பார்க் ஒன்று பழைய கார்ச் சந்தையில் கிடைத்தால், மண் பாதைகளில் போகும் ஆசை இல்லாதவர்கள் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. புது வண்டிதான் வேண்டும் என்றால், கைக்கு எட்டுகிற விலையில் ஹைப்ரிட் மேவரிக் இருக்கிறது. எடை ஏறத்தாழ 1,670 கிலோ. முழுச் சுமையேற்றிய ஸ்பிரிண்டரின் 1,914-இல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 244 கிலோ. முன்தாங்கி, பிரேக் பெட்டி, பின்தொட்டியில் போடப்போகும் இரண்டு மின்சைக்கிள்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.